ப்ளக் படம் போட்டா கரண்ட் வந்துடுமா?

பதினொரு மணி நேர ஃப்ளைட். இறங்கின கையோட ஒரு மீட்டிங், அதுக்கு வேண்டிய ஸ்லைடு பாதிதான் முடிஞ்சிருக்கு. அதனால சீட் எடுக்கும்போது ஜன்னலா, நடுவா, டாய்லெட் பக்கமான்னு எதையும் யோசிக்கல. ப்ளக் பாயிண்ட் இருக்கா? அது ஒண்ணுதான் கேள்வி. டிக்கெட் போட்ட இடத்துல சின்னதா ஒரு ப்ளக் படம் இருந்துச்சு. அந்தப் படத்தை நம்பி சீட்டுக்குன்னு தனியா காசு வேற கட்டினேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க!

போய் உக்காந்தா முன் சீட் முதுகுல ஒண்ணையும் காணோம். கைப்பிடியிலயும் இல்ல. சரி, கீழ இருக்கும்னு குனிஞ்சேன். இந்தக் கட்டத்தை ஒரு தடவையாவது அனுபவிச்சவங்களுக்குத்தான் அந்த அவமானம் புரியும். சாக்கெட்டை எங்க வெச்சிருக்காங்க தெரியுமா? ரெண்டு சீட்டுக்கு நடுவுல, அடியில, கண்ணுக்கே தெரியாத ஒரு பொந்துல. பக்கத்துல முன்பின் தெரியாத ஒரு பெரியவர் பெல்ட்டைப் போட்டுட்டு சிவனேன்னு உக்காந்திருக்கார். அவர் காலுக்கும் என் காலுக்கும் நடுவுல கையை விட்டுத் துழாவணும். "மன்னிச்சுக்கோங்க சார், ப்ளக் தேடுறேன்"னு சொன்னேன். அவர் மெதுவா தன் பர்ஸை பின் பாக்கெட்டுலேர்ந்து எடுத்து சட்டைப் பைக்கு மாத்திக்கிட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

இதுல மூணு சீட்டுக்கு ரெண்டு சாக்கெட்தான் வெச்சிருப்பாங்க பல விமானத்துல. எந்த சாக்கெட் யாருடையது? எங்கயும் எழுதல. நடு சீட்டுக்காரர் ரெண்டுமே தன்னோடதுன்னு நினைப்பார். ஓரத்துல இருக்கறவங்க ஆளுக்கு ஒண்ணுன்னு நினைப்பாங்க. பேசித் தீர்த்துக்கங்கன்னு விட்டுட்டாங்க போல.

ஒரு வழியா விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. சொருகினேன். நிக்கல. திரும்பச் சொருகினேன். திரும்ப விழுந்துச்சு. எல்லா நாட்டு ப்ளக்கும் நுழையட்டும்னு துளையை அகலமா வெச்ச சாக்கெட் அது. எல்லாமே நுழையும், எதுவுமே நிக்காது. வருஷக்கணக்கா ஆயிரம் பேர் சொருகிச் சொருகி உள்ள இருக்கற பிடியும் தளர்ந்து தொளதொளன்னு ஆகியிருக்கு. லேப்டாப் சார்ஜரோ செங்கல் கனம். விமானம் லேசா குலுங்கினாலே கழண்டுக்கும். அதை முட்டியால முட்டுக் கொடுத்துப் பிடிச்சு உக்காந்து பார்த்தேன். அப்பதான் கவனிக்கிறேன், சாக்கெட் ஓரத்துல எரிய வேண்டிய பச்சை லைட் எரியவே இல்ல. இவ்வளவு நேரமும் கரண்டே இல்லாத ஓட்டைக்குத்தான் இந்த சர்க்கஸ்!

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு மேல எனக்குத் துளியும் கோபம் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். "ரீசெட் பண்ணிப் பார்க்கிறோம் சார்"னு போனாங்க. இருபது நிமிஷம் கழிச்சு வந்து, "இந்த வரிசை முழுக்க வேலை செய்யல சார். வழக்கமா வர்ற விமானம் இது இல்ல, கடைசி நேரத்துல மாத்திட்டாங்க"ன்னாங்க. மாறி உக்கார இடமும் இல்ல, ஒரு சீட் பாக்கி இல்லாம நிறைஞ்சிருக்கு.

விஷயம் அங்கதான் இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், வெளியில ஒரே பெயிண்ட். உள்ள போனா ஒண்ணுல ப்ளக் இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. ஒண்ணு புதுசா வாங்கினது, ஒண்ணு வேற யார்கிட்டயோ இருந்து கைமாறி வந்தது, ஒண்ணுக்கு சீட்டெல்லாம் மாத்தியாச்சு, இன்னொண்ணுக்கு அடுத்த வருஷம்தான் மாத்துவாங்க. சீட் மேப்ல நாம பாக்கறது அன்னைக்கு வரும்னு அவங்க நினைச்சு வெச்சிருக்கற விமானத்தோட படம். கூகுள் ஃப்ளைட்ஸ்ல டிக்கெட் தேடும்போது சீட்ல ப்ளக் இருக்கா, யூஎஸ்பி இருக்கான்னு காட்டுமே, அதுவும் அந்தத் திட்டத்தை வெச்சு சொல்றதுதான். வாசல்ல வந்து நிக்கறது வேற விமானமா இருந்தா எந்தப் படமும் செல்லாது. விதிமுறைப் பக்கத்தைப் போய்ப் படிங்க, விமானத்தை மாத்துற உரிமை அவங்களுக்குத்தான். காசைத் திருப்பிக் கேட்டா, "நீங்க கேட்ட சீட்டுதானே குடுத்தோம்"னு பதில் வரும். ஆமா, சீட் குடுத்தீங்க. நான் காசு குடுத்தது அந்த ஓட்டைக்கு!

"வானத்துல பறக்கற வண்டியில கரண்டுக்கு எங்க போறது"ன்னு யாராவது வக்காலத்து வாங்க வருவாங்க. வாங்க, கணக்குப் பார்ப்போம். போயிங் 787ல எஞ்சினுக்கு ரெண்டு வீதம் நாலு ஜெனரேட்டர், ஒவ்வொண்ணும் 250 கேவிஏ (கரண்ட் குடுக்கற திறனோட அளவு, தோராயமா கிலோவாட்னு வெச்சுக்கங்க). வால் பக்கத்துல இருக்கற துணை எஞ்சின்ல இன்னும் ரெண்டு, தலா 225. மொத்தம் 1,450 கேவிஏ. 300 பேர் ஆளுக்கு 60 வாட் இழுத்தாலும் 18 கிலோவாட்தான் ஆகும். சின்ன விமானமான ஏர்பஸ் ஏ320லயே எஞ்சினுக்கு 90 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கு. அதுல 180 சீட்டுக்கு இதே கணக்கு போட்டா 10.8 கிலோவாட். சமையல் அடுப்பு, பம்பு, விளக்குன்னு அவங்களுக்கும் செலவு இருக்கு, இல்லைங்கல. ஆனா பஞ்சப்பாட்டு பாடற அளவுக்கு நிலைமை இல்ல.

உண்மையான சிக்கல் வேற. பல விமானத்துல ஓடற கரண்ட் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அதை நம்ம சார்ஜருக்கு ஏத்த மாதிரி மாத்த சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி வைக்கணும், வரிசை வரிசையா வயர் இழுக்கணும். எல்லாமே எடை, எடைன்னா எரிபொருள். ஒரு பெட்டியைப் பல சீட் பங்கு போட்டுக்கும், சுமை கூடினா அதுவே கரண்டை நிறுத்திடும். சரி, இதெல்லாம் புரியுது. ஆனா அந்தப் பெட்டி ஏற்கெனவே எனக்கு முன்னால இருக்கே! முன் சீட்டுக்கு அடியில, நான் காலை நீட்ட வேண்டிய இடத்துல, பதினொரு மணி நேரமும் என் கணுக்காலை இடிச்சுக்கிட்டே இருக்கு. காலுக்கு இடமும் போச்சு, கரண்டும் வரல.

யூஎஸ்பி இருக்கேன்னு சொல்வீங்க. இருந்துச்சு. புது ஃபோனோட வந்த கேபிள் ரெண்டு பக்கமும் டைப்-சி. சீட்ல இருந்தது பழைய அகல ஓட்டை. ஃபோனுக்கெல்லாம் டைப்-சிதான் இருக்கணும்னு ஐரோப்பிய யூனியன்ல சட்டமே 2024 டிசம்பர் 28லேர்ந்து நடைமுறைக்கு வந்தாச்சு, சீட்டுக்கு மட்டும் சேதி போகல போல. பெரியவர்தான் (ஆமா, அதே பர்ஸ் பெரியவர்) தன்னோட பழைய கேபிளைக் குடுத்தார். மாட்டிட்டு ஒரு படம் பார்த்தேன். மாட்டும்போது 34 சதவீதம். படம் முடிஞ்சப்போ 31. சார்ஜ்ல போட்ட ஃபோன் இறங்குது சார்! பழைய யூஎஸ்பி ஓட்டை 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது வெறும் 2.5 வாட். 5,000 எம்ஏஎச் பேட்டரியில கிட்டத்தட்ட 19 வாட்-அவர் இருக்கு (ஒரு வாட் வீதம் 19 மணி நேரம் ஓடற அளவு). தொடாம அப்படியே வெச்சிருந்தாலும், வழியில வீணாகறதையும் சேர்த்தா, முழுசா நிறைய எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். இதுக்கு சார்ஜிங்னு பேர் வெச்சவங்களை என்ன சொல்ல?

அந்தப் படத்தை எதுல பார்த்தேன்னு கேளுங்க. சொந்த ஃபோன்ல. ஏன்னா சீட் முதுகுல இருந்த திரையைக் கழட்டிட்டாங்க. "எங்க ஆப்பை இறக்கிக்கோங்க, உங்க ஃபோன்லயே பாருங்க"ன்னு அட்டையில அச்சடிச்சு வெச்சிருக்காங்க. போர்டிங் பாஸ் ஃபோன்ல. சாப்பாட்டு மெனு ஃபோன்ல. அடுத்த விமானத்துக்கு எந்த கேட்னு அறிவிப்பு ஃபோன்ல. அவங்க செலவையெல்லாம் நைஸா என் பேட்டரி மேல ஏத்திட்டு, அந்தப் பேட்டரிக்குத் தீனி போட மட்டும் வழியில்லைன்னா எப்படி?

பவர் பேங்க் எடுத்துட்டுப் போக வேண்டியதுதானேங்கறீங்களா? பையிலதான் இருந்துச்சு. 20,000 எம்ஏஎச், அதாவது 74 வாட்-அவர். கையில கொண்டு போக 100 வரைக்கும் தனி அனுமதி தேவையில்ல. கொண்டு போகலாம், ஆனா பயன்படுத்தக் கூடாதுன்னு அறிவிச்சுட்டாங்க. காரணம் இருக்கு. 2025 ஜனவரி 28 அன்னைக்கு தென் கொரியாவுல கிம்ஹே விமான நிலையத்துல, கிளம்ப இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடிச்சு எரிஞ்சுது. பவர் பேங்க்லேர்ந்துதான் தீ வந்திருக்கும்னு விசாரணையில சொன்னாங்க. அதுக்கப்புறம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த வருஷம் ஏப்ரல் 1லேர்ந்தும், எமிரேட்ஸ் அக்டோபர் 1லேர்ந்தும் பறக்கும்போது பவர் பேங்க்ல சார்ஜ் போடறதை நிறுத்திட்டாங்க. தீ விஷயத்துல நான் எதிர்த்துப் பேச மாட்டேன், உயிர் எனக்கும் வெல்லம்தான். ஆனா பவர் பேங்கை மூடி வைன்னு சொல்ற வாய், உன் சீட் ப்ளக் வேலை செய்யுதான்னும் ஒரு தடவை கேக்கணும் இல்லையா? உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிடுச்சு நம்ம நிலைமை.

இன்னொண்ணு, 2014 ஜூலையில அமெரிக்கா ஒரு விதி கொண்டு வந்துச்சு. அங்க போற சில விமானங்கள்ல ஏறும்போது ஃபோனை ஆன் பண்ணிக் காட்டச் சொல்வாங்க, உயிர் இல்லாத ஃபோனை உள்ள விட மாட்டாங்க. மாத்து விமானம் பிடிக்கறவன் சார்ஜ் இல்லாம இறங்கி நின்னா அவன் கதி என்னன்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

நான் ஊர் உலகத்துல இல்லாததையா கேக்கறேன்? ப்ளக் இல்லாத விமானமா, இல்லைன்னு சொல்லிடுங்க. நான் லேப்டாப்பை வீட்டுலயே நிறைய ஏத்திக்குவேன், வேலையை முன்னாடியே முடிச்சுக்குவேன், இல்ல நிம்மதியா தூங்குவேன். விமானத்தை மாத்தும்போது புது சீட் நம்பர் அனுப்பத் தெரியுதுல்ல? அதே குறுஞ்செய்தியில "இதில் மின் இணைப்பு இல்லை"ன்னு ஒரு வரி சேர்க்க என்ன கேடு? எந்த வரிசையில சாக்கெட் செத்துப் போச்சுன்னு ஊழியர்களுக்குத் தெரியுது, ஆனா அடுத்த பயணத்துல அதே சீட்டை அதே ப்ளக் படத்தோட அடுத்தவன் தலையில கட்டுறாங்க.

ஸ்லைடு கடைசி வரைக்கும் முடியல. நாலாவது மணி நேரத்துல லேப்டாப் அணைஞ்சுது. மீதியை வாந்திப் பை மேல பேனாவால எழுதி, மீட்டிங்ல அதைப் பார்த்துத்தான் பேசினேன். நிஜமாத்தான் சொல்றேன்.

வர்ற வியாழக்கிழமை திரும்பணும். சீட் மேப் திறந்து பார்த்தேன், 27ஏ, பக்கத்துல பளிச்சுன்னு அதே ப்ளக் படம். போர்டிங் பாஸை பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேன். ரெண்டு பேனாவும்.