நான் தட்டச்சு செய்த முத்திரைத்தாள்

கோவையில், மோட்டார் பம்புகளுக்கு ஸ்டாம்பிங் (இரும்புத் தகட்டை அச்சில் வெட்டி எடுக்கும் பாகங்கள்) அடித்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். என்னையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். 2021 ஆகஸ்டில் அங்கே பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரின் வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. ஆறு வாரம் கழித்து அவரும் ஓனரும் கையெழுத்திட்ட இருபது ரூபாய் முத்திரைத்தாளைத் தட்டச்சு செய்தவன் நான்தான். 'மருத்துவச் செலவு முழுவதையும் நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. மேற்கொண்டு மனிதாபிமான அடிப்படையில் ரூ.20,000 பெற்றுக்கொண்டேன், இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்' என்று எழுதியிருந்தேன். வாசகம் நன்றாக வந்திருப்பதாக அன்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

அந்த பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பச்சைப் பட்டன்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம், அதாவது தகட்டை அடிக்கும் கனமான மேல்பகுதி, கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் (தகட்டை வைக்கும் அச்சுக்குள்) விரல் இருக்க வழியில்லை என்பதுதான் அந்த அமைப்பின் நோக்கம். ஆனால் இரண்டு கையாலும் அழுத்தி, பிறகு பீஸை எடுத்து, மறுபடி தகட்டை வைத்து அடித்தால் ஷிப்டுக்குக் கேட்கும் எண்ணிக்கை வராது. ஆகவே இடப்பக்கப் பட்டனுக்குள் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, எப்போதும் அழுத்திய நிலையிலேயே வைத்திருந்தார்கள். டேப் அழுக்கேறிக் கறுத்துப்போனதும் புது டேப் சுற்றுவார்கள். அந்த டேப்பை வாங்கிய பில்லும் என் கணக்கில்தான் வரும்.

விபத்துக்குப் பிறகு ஓனர் சொன்ன முதல் வார்த்தை, "பட்டனைக் கட்டினது அவன்தானே." அந்த வாதத்துக்குச் சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்டது என்று தெரிந்தும் அதைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியிருந்தால், முதலாளி அதைக் காட்டி மறுக்கலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த மறுப்புக்கூடச் செல்லாது. ஆனால் மாதக்கணக்கில் எல்லோர் கண்முன்பும் கட்டிக்கிடந்த பட்டனை, அப்படிக் கட்டினால் மட்டுமே எட்டக்கூடிய எண்ணிக்கையை நாள்தோறும் கேட்டு வாங்கியவர், தொழிலாளியின் தன்னிச்சையான செயல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் எங்கள் பட்டறை இ.எஸ்.ஐ. என்னும் அரசுத் தொழிலாளர் காப்பீட்டின் வரம்புக்குள் வரவில்லை. இ.எஸ்.ஐ. இல்லையென்றால் எதுவுமே இல்லை என்றுதான் நாங்கள் அனைவரும் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மை அதுவல்ல. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மின்சாரத்தில் இயந்திரம் ஓடும் உற்பத்திக் கூடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அதன் முதல் அட்டவணையில், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விழுக்காடு குறிக்கப்பட்டிருந்தது: கட்டைவிரலுக்கு 30, முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. விரலை இப்படி விலை போடுவதா என்று முதலில் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இளைஞரின் சம்பளம் ரூ.16,000; கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு, 2020 ஜனவரி முதல், ரூ.15,000. அதில் 60 விழுக்காடு 9,000. வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் பெருக்கு எண்ணான காரணி, 25 வயதுக்கு 216.91. பெருக்கி, அதில் 14 விழுக்காடு எடுத்தால் ரூ.2,73,306. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி வேறு. மருத்துவமனைக்குக் கட்டியதை இந்தத் தொகையில் கழிக்கவும் முடியாது, அது தனிப் பொறுப்பு.

எங்கள் ஓனர் கெட்டவர் இல்லை. விபத்து நடந்த அன்று தன் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், இரவு முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார், அந்தத் தீபாவளிக்கு அந்த இளைஞரின் வீட்டுக்குத் துணியும் எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு செய்தவரிடம் இன்னும் கேட்பது நன்றிகெட்டதனம் என்ற எண்ணம் பட்டறை முழுவதும் பரவியதற்கு அந்த நல்ல குணமே காரணம் என்பதுதான் என் வருத்தம். சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. தொழிலாளி இறந்துபோனால் இழப்பீட்டை, இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் அரசு அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தாரிடம் நேராகக் கொடுத்தது, முன்பணமாக அனுமதிக்கப்பட்ட மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல், கொடுத்ததாகவே ஆகாது. உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி செல்லாததாக இருந்தது. எனவே நான் அவ்வளவு கவனமாகத் தட்டச்சு செய்த கடைசி வரி, அச்சாகும்போதே செல்லாத வரியாக இருந்தது.

2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 7ஆம் அத்தியாயமாக இருக்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், அதில் அடங்கும். நல்லதுதான். ஆனால் பட்டறைச் சுவரில் ஆயுதபூசைக்குப் பூசிய சந்தனம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது, அந்த விரல் அட்டவணை மட்டும் எந்தப் பட்டறையிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது 2024இல், அந்த வேலையை விட்ட பிறகு. கோருவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு அதற்குள் முடிந்திருந்தது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்பது மட்டுமே மிச்சம். விரலை இழந்த அந்த இளைஞரைத் தேடிப் போய்ச் சொன்னேன். நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் டீ கிளாஸைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இப்பப் போயி கேட்டா ஓனரு என்ன நெனைப்பாருங்ண்ணா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் சம்மதித்தார்.

விண்ணப்பத்துக்கு ஆதாரம் தேட வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டு என்று எதையும் பட்டறையில் கொடுத்ததில்லை. வருகைப் பதிவேடு ஓனரிடம் இருக்கிறது. அந்த இளைஞர் அங்கே வேலை செய்தார், அந்த பிரஸ்ஸில்தான் விரல் போயிற்று, இன்ன தேதியில் போயிற்று என்பதற்கு ஓனர் கையெழுத்தோடு எங்களிடம் இருக்கும் ஒரே தாள், நான் தட்டச்சு செய்த அந்த முத்திரைத்தாளின் நகல். மனுவோடு அதைத்தான் முதல் ஆவணமாக இணைத்திருக்கிறோம்.