கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்

2019 மார்ச்சில் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி ஃபுட்பால் டீம் முதலில் ஒரு கோல் வாங்கி, அப்புறம் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் என்கிற தேசிய லீக் பட்டம் வாங்கியதே, அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் எனக்கு. பையனை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்த்ததற்கு அதுதான் நிஜக் காரணம். வீட்டில் சொன்ன காரணம் வேறு: "ஒழுக்கம் வருமுங்க, நாலு பேரோட அனுசரிச்சுப் போகப் பழகுவானுங்க." என் மாமனாரும் தலையாட்டிவிட்டார்.

போன மாதம் ஒரு பிராக்டிஸ் மேட்ச். பக்கத்துக்கு ஏழு பேர், எல்லாம் பத்து, பதினோரு வயசுப் பொடிசுகள். பந்து யார் பட்டு வெளியே போனது என்று பார்த்துச் சொல்ல லைனில் யாரும் கிடையாது. பந்து என் காலடியில்தான் கோட்டைத் தாண்டியது. என் பையன் கையைத் தூக்கி, "என் கால்ல பட்டுத்தான் போச்சு, அவங்க த்ரோ" என்று ஆரம்பித்தான். "வாய மூடிட்டு எடுடா!" என்று கத்தியது நான்.

ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு பந்தை எடுத்தான். ரெண்டு காலும் தரையில், ரெண்டு கையும் தலைக்குப் பின்னாலிருந்து, கோச் சொல்லிக் கொடுத்த மாதிரியே பிசகில்லாமல் எறிந்தான். அதிலிருந்து ஒரு கோல். நான் கை தட்டினேன்.

திரும்பும் வழியில் பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "அப்பா, அந்த கோல் செல்லுமா?"

"கோச் குடுத்துட்டாருல்ல கண்ணு, செல்லும்" என்றேன். டீ இறங்கவில்லை.

2012-ல் இத்தாலியில் நடந்தது ஒன்று உண்டு. லாசியோ கிளப்புக்கு ஆடிய ஜெர்மன்காரர் குளோசே, நாப்போலி கிளப்புக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ரெஃப்ரியும் கொடுத்துவிட்டார். குளோசேயே போய், பந்து தன் கையில் பட்டது என்று சொல்லி கோலை ரத்து செய்ய வைத்தார். லாசியோ அந்த மேட்சில் 3-0 என்று தோற்றது. இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. எந்த முகத்தோடு சொல்வது?

பசங்களுக்கு இதெல்லாம் நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. விழுந்தவனுக்குக் கை கொடுப்பதும், அஞ்சு நிமிசம் முன்னால் சண்டை போட்டவனிடமே தண்ணி வாங்கிக் குடிப்பதும் அவர்களுக்குத் தானாக வருகிறது. கெடுப்பது நாம்தான். பால்காரரைக்கூட "வாங்க, உக்காருங்க" என்கிற ஊருங்க இது. கிரவுண்டு ஓரத்தில் நின்றால் மட்டும் அந்த "ங்க" எங்கே போய்விடுகிறது? ரெஃப்ரியாக நிற்கும் காலேஜ் பையனை "டேய், கண்ணு தெரியலையா?" என்கிறோம். கீப்பர் கோல் விட்டால் அவன் அம்மா காதில் விழவே திட்டுகிறோம். கோச்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சுமாராக ஆடும் பையனைக் கடைசி ரெண்டு நிமிசம் இறக்குவார்கள். அவன் ஷின் கார்டு மாட்டி முடிப்பதற்குள் விசில். பதினோரு வயசில் ஜெயிக்கிற கோப்பைக்கு என்ன இவ்வளவு அவசரம்? எல்லோரையும் பாதிப் பாதி நேரமாவது ஆட விடுங்களேன்.

இந்த ஞாயிறு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், தள்ளி நின்று, வாயே திறக்காமல் பார்ப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். வண்டியை நிறுத்தியதும் பையன் சொன்னான்: "நீங்க பேக்கரியிலயே இருங்கப்பா. முடிஞ்சதும் நானே வர்றேன்."

சரி என்று உட்கார்ந்திருந்தேன். ரெண்டு டீ ஆச்சு. ஸ்கோர் என்னவென்று இன்னும் கேட்கவில்லை.