சுண்டைக்காய் கால் பணம்

பழைய பிஎம்டபிள்யூ எம்5, பழைய மெர்சிடிஸ் ஏஎம்ஜி, பழைய ஆடி ஆர்எஸ்6 என்று அதிவேக ஜெர்மன் கார்கள். இவற்றில் ஏதாவது ஒன்றின் படத்தை அனுப்பி "வாங்கலாமா?" என்று யாராவது கேட்காத மாதமே இல்லை. புதிதாக ஒரு சாதாரணக் குடும்பக் கார் வாங்கும் காசுக்கு, ஒரு காலத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு விலைக்கு விற்ற வண்டி கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? கேட்கிறவர் மனதுக்குள் ஏற்கெனவே வாங்கி முடித்துவிட்டார், என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு தலையாட்டல்தான் என்பதும் தெரியும். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் உண்டு. இந்த வகை வண்டியின் அழகே அது தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான். நாலு கதவு, பின்சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் பெட்டிகள். சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது யாரோ ஓர் அதிகாரி ஆபீஸ் போகிற கார். 2005இல் வந்த இ60 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சிலிண்டர், 5 லிட்டர், 507 குதிரைத்திறன். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை அளந்துவிடும் திராட்டில் தனித்தனி. ஆனால் கிளப்பியவுடன் அது 400 குதிரைகளைத்தான் அவிழ்த்துவிடும். மீதி நூற்றுச் சொச்சம் வேண்டுமென்றால் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் பவர் பொத்தானை அழுத்த வேண்டும். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது ஒரு வண்டி, தனியாகத் திரும்பி வரும்போது வேறொரு வண்டி. 8,000 ஆர்பிஎம்மைத் தாண்டி முள் ஏறும்போது வருகிற சத்தத்தை எழுத்தில் கொண்டுவர நான் முயற்சிக்கப் போவதில்லை.

"வேகத்துக்காக வாங்குகிறேன்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் மட்டும் சிரிப்பு வரும். வேகம் இப்போது மலிந்துவிட்டது. அந்த எம்5 நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 4.7 விநாடி எடுத்துக்கொள்ளும் என்று அதைச் செய்த நிறுவனமே சொன்னது. இன்று அதே காரியத்தை 4 விநாடிக்குள் முடிக்கிற மின்சார செடான்கள், சத்தம்கூடப் போடாமல் பக்கத்தில் கடந்து போகின்றன. ஆக, நாம் காசு கொடுப்பது அந்த இன்ஜினுக்கு. இனி யாரும் செய்யப்போகாத ஒரு வேலைப்பாட்டுக்கு. இதை ஒப்புக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும், ஏனென்றால் பர்ஸைக் காலி செய்வதும் அதே வேலைப்பாடுதான்.

அந்தப் பத்து சிலிண்டர் வி10 இன்ஜினில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் முன்கூட்டியே தேய்ந்துபோகும் என்பது ஊரறிந்த கதை. காரணம் என்ன என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விட்ட இடைவெளி போதாது என்கிறது ஒரு கூட்டம், 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயிலைக் குற்றம் சொல்கிறது இன்னொரு கூட்டம். எப்படியானாலும், விவரம் தெரிந்தவர்கள் பேரிங் போகும்வரை காத்திருப்பதில்லை. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, நல்லாயிருக்கும்போதே மாற்றிவிடுகிறார்கள். விட்டால் கிராங்கோடு சேர்ந்து இன்ஜினே போகும். அப்புறம் அந்தப் பத்துத் திராட்டிலைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர்கள், கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸின் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப். பெரிய இன்ஜின், பந்தய வண்டி யோசனை, நுணுக்கமான கியர்பாக்ஸ் என்று எதையெல்லாம் படித்துப் படித்து மயங்கினோமோ, அதே வரிசையில் பில் வரும்.

மற்ற வண்டிகளும் இப்படித்தான், இடம் மட்டும் மாறும். ஆடி எஸ்4 பி6 தலைமுறையில், 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8இன் வால்வுகளை நேரத்துக்கு இயக்கவைக்கும் டைமிங் செயினைக் கியர்பாக்ஸ் பக்கம், இன்ஜினின் பின்புறம் வைத்தார்கள். சின்ன மூக்குக்குள் பெரிய இன்ஜினைத் திணிக்க அது நல்ல வழி. ஆனால் செயினைத் தாங்குகிற பிளாஸ்டிக் கைடு தேய்ந்தால் இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும். கைடு கையளவு சாமான். கூலி தூக்குகிற இன்ஜினுக்கு. 2002இல் வந்த டபிள்யூ211 மெர்சிடிஸ் இ-கிளாஸில், அதன் ஏஎம்ஜி வடிவம் உட்பட, எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருந்தது. பெடலை எத்தனை முறை மிதித்தீர்கள் என்று அது கணக்கு வைத்துக்கொண்டே வரும். குறித்த எண்ணிக்கை ஆனதும் டாஷ்போர்டில் சிவப்பாக எழுத்து வந்து, ஒர்க்‌ஷாப்புக்குப் போ என்று சொல்லும். 2006இல் அந்த மாடலைப் புதுப்பித்தபோது அவர்களே அதைக் கைவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பிவிட்டார்கள். டர்போக்களை வி8இன் இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் வைத்த பிஎம்டபிள்யூ என்63 இன்ஜின் இன்னொரு ரகம். அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், சீல் எல்லாம் வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது விலைக்கு வருகிறேன். பத்து வருடத்தில் இவ்வளவு இறங்கிவிட்டதே என்று வியக்கிறவர்கள், அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சந்தை அவ்வளவு தாராளம் கிடையாது. வரப்போகிற செலவை முன்கூட்டியே கழித்துத்தான் விலை போட்டிருக்கிறது. வண்டியின் விலை வருடாவருடம் இறங்கும். அதன் பிரேக் டிஸ்க், ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் பம்ப் இவற்றின் விலை இறங்குமா? ஏறத்தான் செய்யும், ஷோரூமில் புது வண்டி என்ன விலையோ அந்தத் தகுதிக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மா சொல்லவில்லை.

இதற்கு விற்பவர்கள் தயாராக வைத்திருக்கும் மருந்து ஒன்று உண்டு: "சார், ரொம்பக் கம்மியா ஓடின வண்டி. ஷெட்லயே நின்னுது." என்னைக் கேட்டால், ஓட வேண்டியது நீங்கள்தான், அந்த வண்டியைவிட்டு. நின்ற வண்டியில் ரப்பர் காயும், சீல் இறுகும், பேட்டரி செத்துக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உளற ஆரம்பிக்கும், ஆயிலுக்குள் ஈரம் சேரும். அதிகம் ஓடி, ஒழுங்காகச் செலவு செய்யப்பட்டு, பில்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கிற வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு மேலே வைப்பேன். என்ன மாற்றினார்கள், எத்தனை கிலோமீட்டரில், எந்த பாகம், எந்த ஆயில். அந்தக் கோப்புதான் வண்டி. "எல்லாம் சர்வீஸ் பண்ணியாச்சு" என்று வாயால் சொல்கிறவர் என்ன சர்வீஸ் என்று சொல்லத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்பார்கள். அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் பலவற்றைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் முதல் வேலையாக உள்ளங்கையை பானெட் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் "ஏன் சார் முன்னாடியே ஓட்டினீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டு முகத்தைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சில விநாடிகளில் பேசுவதைச் சூடான இன்ஜின் பேசாது. செயின் சத்தம், புகை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சாவியைத் திருப்பி, கிளப்பாமல் ஒரு நிமிடம் டாஷ்போர்டைக் கவனியுங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கிளப்பிய பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டுப் பிழை எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை பாதியில் நின்றால், பிழைகளைச் சமீபத்தில்தான் துடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நாலு டயரும் நாலு கம்பெனியா? அப்படியென்றால் வண்டிக்காரருக்குக் காசு கட்டுப்படியாகவில்லை. டயருக்கே கட்டுப்படியாகாதவர் பேரிங்கையா மாற்றியிருப்பார்? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கம்மியா ஓடின கதைக்கும் அந்த எண்ணுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று. அந்த எம்5இன் ஆர்பிஎம் மீட்டரில் மேல் பகுதியில் சின்ன விளக்குகள் எரியும். ஆயில் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணைந்து, எத்தனை ஆர்பிஎம் வரை மிதிக்கலாம் என்ற எல்லை மேலே போகும். அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. தெருமுனை தாண்டுவதற்குள் மிதிக்கிறவர்கள் அந்த விளக்கைப் பார்ப்பதே இல்லை.

சரி, நான் என்னதான் சொல்கிறேன்? தினமும் வேலைக்குப் போக இருக்கிற ஒரே வண்டியாக இ60 எம்5 வேண்டாம். வேறொரு நம்பகமான வண்டி வீட்டில் நின்று, இது ஒர்க்‌ஷாப்பில் மாதக்கணக்கில் கிடந்தாலும் தூக்கம் கெடாது, வண்டி வாங்கிய பிறகும் பெரிய ரிப்பேர் ஒன்றுக்குப் பணம் தனியாகக் கிடக்கிறது, அந்த இன்ஜினைத் திறந்து பழகிய மெக்கானிக் ஒருவரைத் தெரியும் என்றால், தாராளமாக வாங்குங்கள், எனக்கும் ஒரு ரவுண்டு கொடுங்கள். கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம். தவணையும் ரிப்பேரும் ஒரே மாதத்தில் வரும்.

ஒரே வண்டிதான், ஆனால் சத்தமும் வேண்டும் என்கிறவர்களுக்கு என் ஓட்டு லெக்சஸ் ஐஎஸ் எஃப். டர்போ இல்லாத 5 லிட்டர் வி8, 416 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். சிலிண்டர் ஹெட்டில் யமஹாவின் கைவண்ணம். பின்சீட்டு குறுகல், சஸ்பென்ஷன் குலுக்கும், குறிப்பாக ஆரம்ப வருட வண்டிகளில். "அதில் ஜெர்மன் வண்டியின் ஆன்மா இல்லை" என்று ஒரு கூட்டம் சொல்லும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதை ஓட்டிப் பார்த்ததில்லை. மீதிப் பாதிப் பேரின் எம்5 இப்போது ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டின் மேல் நிற்கிறது, ஆகவே அவர்கள் ஓட்டிக்கொண்டிருப்பதும் ஏதோ ஒரு ஜப்பான் வண்டிதான்.