வாசிக்காமல் ‘அருமை’ என்று எழுதாதீர்கள்

எழுதுகிறவர்கள் ஒருவர் எழுத்தை மற்றவர் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பட்ட ஒரு குழுவில் நானும் உறுப்பினர். அந்தக் குழுவின் செய்திகளைத் திறக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. காலை வணக்கம், அதற்குப் பதில் வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, வாழ்த்திய ஒவ்வொருவருக்கும் தனித்தனி நன்றி, பேனாவால் எழுதுவதா தட்டச்சு செய்வதா என்று முடிவே காணாத விவாதம், ஏதோ ஒரு மேதையின் படத்துடன் அவர் எங்கும் சொல்லியிராத ஒரு பொன்மொழி. இத்தனைக்கும் நடுவில், தம் சிறுகதையை வாசித்துக் குறை சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது மேலே எங்கோ போய்ப் புதைந்துவிட்டது.

அரட்டையே கூடாது என்பது என் வாதமன்று. எழுதுவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. அதே வேலையில் திணறிக்கொண்டிருக்கும் நாலு பேரோடு பேசுவது பெரிய ஆறுதல் என்பதை நான் அறிவேன். ஆனால், பேச்சு மட்டுமே மிஞ்சி வாசிப்பு அறவே இல்லாமல் போன பிறகு, அதற்கு எழுத்தாளர் குழு என்று ஏன் பெயர்?

இதைவிடக் கொடுமையானது ஒன்று உண்டு. 3,000 சொற்கள் கொண்ட ஒரு கதை வந்து விழுந்த மறுநிமிடமே ‘அருமை’, ‘செம’, ‘மனதைத் தொட்டது’ என்று பாராட்டுகள் வரிசையாக வருகின்றன. ஒரு நிமிடத்தில் 3,000 சொற்களை எவராலும் வாசிக்க முடியாது என்பது பாராட்டியவருக்கும் தெரியும், பாராட்டு வாங்கியவருக்கும் தெரியும். அப்படிப் பாராட்டப்பட்ட கதை ஒன்றை நான் முழுவதும் வாசித்தேன். பாட்டியின் பார்வையில் தொடங்கிய கதை, எந்த அறிவிப்பும் இல்லாமல் நடுவில் பேரனின் மனத்துக்குள் தாவியிருந்தது. முதல் பக்கத்தில் இறந்துபோன அண்டை வீட்டுக்காரர் கடைசிப் பக்கத்தில் வந்து கதவைத் தட்டினார். ‘கதையைப் படித்தான்’ என்பதில் வர வேண்டிய ஒற்று விடுபட்டிருந்தது, ‘கதை படித்தான்’ என்பதில் வரக்கூடாத ஒற்று வந்திருந்தது. இவற்றுள் ஒன்றையாவது யாராவது சொல்லியிருந்தால் அவர் ஒரே மாலையில் திருத்தியிருப்பார். ஒருவரும் சொல்லாததால் அதை அப்படியே ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார், பதில் வரவில்லை. தமக்கு எழுத வராது என்று இப்போது நம்பத் தொடங்கியிருக்கிறார். அந்த அவநம்பிக்கைக்கு ‘அருமை’ என்று எழுதிய ஒவ்வொருவரும் பொறுப்பு.

ஒழுங்காகச் செய்வது எப்படி என்று யாருக்கும் தெரியாமலும் இல்லை. 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையின் வழக்கம் மிக எளிது: எல்லோரும் படைப்பை முன்கூட்டியே வாசித்துவிட்டு வட்டமாக உட்கார்வார்கள், ஒருவர் பின் ஒருவராகக் கருத்துச் சொல்வார்கள், எழுதியவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் கேட்டுவிட்டுப் பிறகே பதில் சொல்வார். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். வாசித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கோ வாசிக்கவும் நேரமில்லையாம், எழுதவும் நேரமில்லையாம். ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவல் எழுதும் முயற்சி ஒன்று 1999இல் 21 பேரோடு தொடங்கிப் பின்னர் உலகெங்கும் பரவியது. நாமும் நவம்பரில் அப்படி எழுதலாம் என்று எங்கள் குழு முடிவு செய்தது. 30 நாள்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 1,667 சொற்கள். அந்த மாதம் முழுவதும் நடந்தது என்ன? 1,667 சொற்களை எழுதுவது எவ்வளவு கடினம், எந்த நேரத்தில் எழுதினால் நல்லது, எந்தச் செயலி சிறந்தது, மனநிலை வராவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் பற்றி, எழுத நேரமே இல்லை என்று சொன்னவர்கள் பத்தி பத்தியாக எழுதித் தள்ளினார்கள். அந்த உழைப்பில் பாதி நாவலுக்குப் போயிருந்தால் இன்று சிலரிடமாவது முழுமையான முதல் வரைவு இருந்திருக்கும்.

கதை ஒன்று வந்தால், இரண்டு பேராவது அதை முழுமையாக வாசித்துப் பதில் சொல்லும்வரை வேறு பேச்சு வேண்டாம், அரட்டைக்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தேன். ‘குழுவின் கலகலப்பு போய்விடும்’ என்று பதில் வந்தது. யாருடைய கலகலப்பு? பல மாதம் உழைத்த கதையை அனுப்பிவிட்டு, ஒரு வரியாவது வராதா என்று காத்திருந்து, கடைசியில் தம் செய்தியைத் தாமே அழித்துவிட்டு வெளியேறியவர்களுக்கு இந்தக் குழுவில் என்ன கலகலப்பு இருந்தது? நேரம் இல்லாதவர்கள் நேரமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லட்டும், அதில் தவறே இல்லை. பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுதியவருக்கு அது போதும்.