எங்க ஒட்டின நீங்க அந்த நோட்டீஸ?

பேசாம இருப்பம் எண்டுதான் பாத்தன், ஏலாது.

எல்லாரும் ஷெயார் பண்ணின அந்தப் படத்தப் பத்தித்தான் கதைக்கிறன். வெள்ளக் கோட்டு, கையில பிப்பெட்டு, பின்னால பேராசிரியர் சிரிச்சிக்கிட்டு நிக்காரு, மேல "கடும் போட்டிக்கு மத்தியில் ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தெரிவான எமது மண்ணின் இளம் விஞ்ஞானி" எண்டு பெரிய எழுத்து. கீழ நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்தப் போட்டிக்கு விண்ணப்பம் எப்ப கோரின, எங்க போட்டீங்க? அதுக்கு எனக்கு விழுந்த பேச்சு இரிக்கே, பொறாமை புடிச்சவ, வயித்தெரிச்சல், நீங்கெல்லாம் ஒரு டீச்சரா எண்டு.

அந்தப் புள்ளயில எனக்கு ஒரு கோவமும் இல்ல, இத முதல்ல சொல்லிப்போடுறன். கெட்டிக்காரப் புள்ளயாத்தான் இரிக்கும். அந்த வயசுல கூப்பிட்டா நானும் போயிருப்பன். என்ட கேள்வி பெரியாக்களுக்கு. போட்டி எண்டு எழுதினீங்களே, யாரோட போட்டி? எந்த ஸ்கூலுக்குக் கடிதம் வந்த? தகப்பனும் பேராசிரியரும் ஒரே பெட்ச், ஒரு கோல்ல முடிஞ்ச அலுவல் எண்டு ஊருக்கே தெரியும். அப்ப "தெரிஞ்சாக்கள்ட புள்ளைய எடுத்தம்" எண்டு எழுதிப் போட்டிருந்தா நான் லைக்கும் போட்டுட்டுப் போயிருப்பன்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுது எண்டு கேக்கிறாக்களுக்கு. நான் படிப்பிக்கிறது படுவான்கரையில, மட்டக்களப்பு ஆத்துக்கு மேற்குப் பக்கம் கிடக்கிற கிராமங்கள்ல. என்ட ஏஎல் (உயர்தர) புள்ள ஒருத்தி, தகப்பன் ஆத்துல வல போடுறவரு. ஆத்துவாழ எண்ட மிதக்கிற களை மண்டிக் கிடக்கிற பக்கம் மீன் ஏன் செத்து மிதக்குது எண்டு கேட்டா. ஆத்துவாழ மூடினா வெளிச்சம் கீழ இறங்காது, அது அழுகக்க தண்ணியில இரிக்கிற ஒட்சிசன் குறையும் எண்டு புத்தகத்துல கிடக்கிறத நானும் சொன்னன். அவ விடல்ல. "எவ்வளவு குறையுது எண்டு அளந்து பாக்கலாமா மிஸ்?" எண்டா. கரைஞ்ச ஒட்சிசன அளக்கிற விங்க்ளர் முறை ஏஎல் கெமிஸ்ட்ரியிலயே இரிக்கு, ஆனா எங்கட லெப்ல அதுக்குரிய சாமான் இல்ல, இருந்த போத்தல்லயும் பாதிக்கு லேபல் இல்ல. அதான் அளந்து பாக்க விடுங்க எண்டு அதிபர் ஊடாக ஒரு அரசாங்க லெப்புக்குக் கடிதம் போட்டம், மெயிலும் போட்டம். கனநாள் கழிச்சு வந்த பதில், பாடசாலை மாணவர்களை ஆய்வுகூடத்தில் அனுமதிக்கும் நடைமுறை இல்லையாம், பாதுகாப்புக் காரணமாம். சரி, அசிட் புழங்கிற இடம், நியாயம்தான் மகள் எண்டு நானே அவள சமாதானப்படுத்தினன். மறுகாத்தான் இந்தப் படம் வருது. அதே லெப். ஏன் கா, அசிட்டெல்லாம் இப்ப தோடம்பழ ஜூஸா மாறிட்டா?

எந்த இடம் எண்டு பேர் போட மாட்டன். தெரிஞ்சாக்களுக்குத் தெரியும்.

"பேராசிரியர் சும்மாதானே நேரம் குடுக்காரு, அவர் விரும்பினாக்களுக்குக் குடுக்கட்டும்" எண்டு ஒரு தம்பி மரியாதையா எழுதியிருந்தாரு. இதுல ஒரு ஞாயம் இரிக்கு, இல்லையெண்டு சொல்ல மாட்டன். நேரம் அவருடையதுதான். மெஷின் ஆர்ர தம்பி? கரண்ட் பில் ஆர் கட்டுற? அது அரசாங்க லெப். அந்த மீன்காரரும் கடையில சவர்க்காரம் வாங்கக்க 18 வீதம் வற் வரி கட்டுறாருதானே.

"உலகம் முழுக்க இப்படித்தான், அமெரிக்காவிலயும் தெரிஞ்சாக்கள் மூலம்தான்" எண்டு வெளிநாட்டுல இரிக்கிற ஒரு அண்ணன். ஓம் அண்ணன், அங்கயும் இந்தச் சண்ட நடக்கு. ஸ்கூல் புள்ளயள்ட பேருல ஆய்வுக் கட்டுரை வர வைக்கக் காசு வாங்கிற கொம்பனியளப் பத்தி 2023இல ப்ரோபப்ளிகா எண்ட அமெரிக்கச் செய்தி நிறுவனம் பெருசா எழுதினது. ஆனா அதே நாட்டுலதான் 1984இல தொடங்கின ஆர்எஸ்ஐ எண்ட, ஸ்கூல் புள்ளயளுக்கான ஆராய்ச்சிப் பயிற்சி எம்ஐடி பல்கலைக்கழகத்துல நடக்கு, படிக்கக் காசில்ல, விண்ணப்பமும் கடைசித் திகதியும் வெப்சைட்டுல ஆரும் பாக்கலாம். கள்ளத்தக் கொப்பி பண்ணத் தெரிஞ்ச நமக்கு இது மட்டும் ஏன் கண்ணுல படல்ல?

"இந்தப் பயிற்சிச் செர்டிபிகேட்டால கெம்பஸ் கிடைக்கப்போறல்ல, ஏன் அடிபடுறீங்க" எண்டும் கேட்டாங்க. உண்மைதான். நம்மட நாட்டுல மெடிசினுக்கோ பயோ சயன்ஸுக்கோ ஏஎல் சோதனைப் புள்ளிய வச்சுக் கணக்கிடுற இசட் ஸ்கோர்தான், இதுக்கு ஒரு புள்ளியும் இல்ல. கெம்பஸ் இடங்கள்ல திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கின மாவட்டங்களுக்கு 5, அந்த அஞ்சுக்குள்ளதான் மட்டக்களப்பும் அம்பாறையும் வருது. அதுல ஆயிரம் குறை சொல்லலாம், ஆனா பேப்பர் திருத்திறவருக்கு சுட்டெண்தான் தெரியும், தகப்பன் ஆரெண்டு தெரியாது. இந்தச் செர்டிபிகேட் வேல செய்யிறது வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப்புக்கு. அந்த விஷயமே எங்கட சனத்துக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் உங்களுக்கு வசதி.

அந்த மீன்காரர்ட மகளுக்கு செர்டிபிகேட்டும் வேணா ஒரு மண்ணும் வேணா. அளந்து பாக்கணும் எண்டா, அவ்வளவுதான். 2014இல மண்முனைப் பாலம் திறக்கு முதல் பாதையில, அதான் ஆளயும் வாகனத்தையும் ஏத்துற படகுல, ஆறு கடந்து டவுனுக்கு கிளாஸுக்குப் போன ஆக்கள் நாங்க. மழைக்கு நனைஞ்ச கொப்பியோட போய்க் குந்தினா "படுவான்கரையா" எண்டு ஒரு மாதிரிக் கேப்பாங்க, அந்தக் கேள்வி இண்டைக்கும் என்ட காதுல கிடக்கு. இப்ப பாலம் இரிக்கு, பஸ் இரிக்கு, போனும் இரிக்கு. கதவத் தட்டக்க மட்டும் நடைமுறை இல்லையாம்.

"அப்ப நீங்களும் ஆரையாவது புடிச்சிருக்கலாமே மிஸ்" எண்டு அறிவுரை சொன்ன பெரிய மனிசருக்கு, நன்றி சேர். ஆரப் புடிக்க? மீனத்தான் புடிக்கத் தெரியும் அந்தக் குடும்பத்துக்கு.

இன்பொக்ஸில வந்து டெலீட் பண்ணுங்க, உங்களுக்கு இடமாற்றம் வரும் எண்டு பயமுறுத்திறாக்களுக்கும் சேத்தே சொல்றன். டெலீட் பண்ண மாட்டன். அடுத்த முற ஆள் எடுக்கக்க வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்க, எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பச் சொல்லி. புள்ளயள்ட பஸ் காசு நான் பாத்துக்கிறன்.