எட்டடிப் படம் கேட்பவர்களே, லிஃப்டை அளந்தீர்களா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் படம் அச்சிட்டு, வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுவரை மட்டும் அளந்துகொண்டு வருகிறார்கள். "எட்டடிக்கு அஞ்சடி வேணும் அண்ணே." சரி, எந்தப் படம்? அது இன்னும் முடிவாகவில்லையாம். முதலில் அளவு, அடுத்தது விலை, அதில் பேரம். எல்லாம் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்று எத்தனை தடவை சொல்வது? பெரும்பாலும் நீளவாக்கில் 1600 புள்ளிதான் (பிக்சல்) மிஞ்சும். அதை எட்டடிக்கு, அதாவது 96 அங்குலத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 17 புள்ளிகூடத் தேறாது. கல்யாணப் பெண்ணின் மூக்குத்தி சதுரக் கட்டியாக நிற்கும். ஒரிஜினல் படம் கேமராக்காரரிடம் இருக்கும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் நீளத்துக்கு 6000 புள்ளி, அங்குலத்துக்கு 62 வரும். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்குத்தான் 300 வேண்டும். சோபாவிலிருந்து பார்க்கிற படத்துக்கு இது தாங்கும். அவருக்கு ஒரு போன் போட்டு, சுருங்காமல் வர டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் "பேலன்ஸ் காசுல அவர்கூட சண்டை அண்ணே" என்பார்கள். உங்கள் சண்டைக்கு என் பிரிண்டரா பஞ்சாயத்து பண்ணும்?

இன்னொரு கேள்வி வரும். "பெடரல் ஹைவேல அவ்ளோ பெரிய விளம்பரப் பலகை பளிச்சுன்னு இருக்கே, உங்களால முடியாதா?" ஐயா, அதை நீங்கள் ஓடுகிற காரிலிருந்து, தூரத்தில் பார்க்கிறீர்கள். ஏணி போட்டு ஏறிக் கிட்டே போனால் அதுவும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். என் படத்தை மட்டும் மூக்கை ஒட்டிவைத்துச் சோதிப்பது என்ன நியாயம்?

செத்துப்போன அப்பாவின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை எடுத்துவந்து, பதினாறாம் நாள் படையலுக்குப் படம் கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வராது. பல வீடுகளில் வேறு படமே இருப்பதில்லை. உட்கார்ந்து முடிந்தவரை சரிசெய்து, தாங்குகிற அளவில் போட்டுக் கொடுப்பேன். என் ஆத்திரமெல்லாம் ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டைக் கொட்டி, ட்ரோன் பறக்கவிட்டுக் கல்யாணம் எடுத்துவிட்டு, அச்சுக்கு மட்டும் சுருங்கிப்போன படத்தை அனுப்புகிறவர்கள் மேல்தான்.

சரி, நல்ல படமே வந்தது என்று வையுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பலகை, அதாவது அக்ரிலிக்தான் வேண்டும் என்பார்கள். கேன்வாஸ் துணி என்றால் சுருட்டி எடுத்துப்போய் வீட்டிலேயே கட்டை அடித்து இழுத்து மாட்டலாம். அக்ரிலிக்கைச் சுருட்ட முடியுமா? எட்டடிக்கு அஞ்சடி, 5 மில்லிமீட்டர் கனம் என்றால் பலகை மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். அப்படி ஒரு ஆர்டர் வந்தது. வீடோ கொண்டோ அடுக்குமாடியில் பதினெட்டாம் மாடி. சாதாரண லிஃப்டில் கதவு உயரம் ஏழடிதான் இருக்கும், உள்ளே ஆழம் அதைவிடக் குறைவு. சாய்த்தாலும் நுழையாது. ஆர்டர் எடுக்கும்போதே "லிஃப்டை அளந்து சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "எங்க பிரிட்ஜே ஏறுச்சு அண்ணே" என்றார்கள். எட்டடியில் பிரிட்ஜ் எங்கே விற்கிறது? கடைசியில் நானும் பையனும் படிக்கட்டில், ஒவ்வொரு திருப்பத்திலும் படத்தைத் தலைக்குமேல் தூக்கித் திருப்பித் திருப்பி ஏறினோம். மேலே போனால் மேனேஜ்மென்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து நிற்கிறார்: விண்ணப்பப் பாரம் நிரப்பவில்லை, டெபாசிட் கட்டவில்லை, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் டிரில் போடக்கூடாது. வீட்டுக்காரருக்கு இதெல்லாம் அப்போதுதான் தெரிகிறதாம்!

மாட்டியபிறகும் விடமாட்டார்கள். போனில் அரக்காக இருந்த கூறைப்புடவை இங்கே மங்கலாக இருக்கிறதாம். போன் திரை தானாக வெளிச்சம் விடும், அச்சுப் படம் அறை வெளிச்சத்தில்தான் தெரியும். அந்த ஹாலில் எரிவது ஒரே ஒரு மங்கல் பல்பு. எதிரே பெரிய பால்கனிக் கண்ணாடி வேறு. பகலில் மாப்பிள்ளை முகத்துக்குமேல் எதிர்க் கொண்டோவின் துணிக்கொடி தெரிகிறது. பளபளப்பு வேண்டாம், மேட் போடலாம் என்று சொன்னேனா இல்லையா? மேலே ரெண்டு ஸ்பாட்லைட் போடுங்கள் என்றால் அதற்குக் காசில்லையாம். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை.

படம் மாட்டும் கூலி என்று பில்லில் ஒரு வரி போட்டால் உடனே வருகிறது கேள்வி: "ரெண்டு ஆணி அடிக்கிறதுக்கா அண்ணே இவ்வளவு?" ஆணியாம்! இடையில் தடுப்பாக நிறுத்திய பிளாஸ்டர்போர்டு சுவர் அது. உள்ளே இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, நேர்மட்டம் பார்த்து, குழந்தை தூங்கும் சோபாவுக்குமேல் இத்தனை கிலோவைத் தொங்கவிட வேண்டும். இனிமேல் அப்படிக் கேட்பவர் கையில் டிரில்லைக் கொடுத்துவிட்டு நான் சோபாவில் உட்காரப்போகிறேன். குடிக்கிற தேத்தாரே டீக்கும் நானே காசு தருகிறேன்.