வூகான் ஒரு ஊரின் பெயர்

அந்தப் பட்டிமன்றக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், ப்ளீஸ். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன். "வூகான்லேருந்து உலகத்துக்கு வந்த ஒரே சரக்கு எதுன்னு நான் வேற சொல்லணுமா நடுவர் அவர்களே" என்று பேச்சாளர் ஒருவர் கேட்டதையும், மண்டபமே சிரித்ததையும், நடுவரும் சேர்ந்து சிரித்ததையும் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும், அப்பா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். அந்தக் குழந்தையைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. அந்த ஊரைப் பற்றி அவள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டது இதுதான்.

வூகான் சீனாவில் ஒரு ஊரின் பெயர். கொரோனா நோயின் பெயர் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பழைய நண்பர்களுக்குத் தெரியும், 2009 முதல் 2015 வரை நான் மருத்துவம் படித்தது அங்கேதான். திருச்சியில் காவிரியைப் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் வாரம் யாங்சே ஆற்றின் கரையில் போய் நின்றபோது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகப் பழுப்பு நிறத்தில் தண்ணீர். ஒரு திட்டு மணல் கண்ணில் படவில்லை. கடல் எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இங்கே சரக்குக் கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஹான் ஆறு வந்து யாங்சேயில் கலக்கும் இடம் அது. வூசாங், ஹான்கோ, ஹான்யாங் என்று மூன்று ஊர்கள் மூன்று கரைகளில் தனித்தனியாக வளர்ந்து, பிறகு ஒன்றாகி வூகான் ஆயின. 2020 கணக்கெடுப்பின்படி ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள். இத்தனை பேரைத்தான் அந்த மண்டபம் ஒரே சிரிப்பில் முடித்துவிட்டது.

சரக்கு என்றாரே, சரி, சரக்கைப் பற்றியே பேசலாம். ஹான்கோ துறைமுகம் 1861ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் என ஐந்து நாடுகள் ஆற்றங்கரையில் ஆளுக்கொரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் சட்டத்தை நடத்தின. ரஷ்ய வணிகர்கள் தேயிலையை நீராவியில் வேகவைத்து, அச்சில் வைத்து அழுத்திச் செங்கல் மாதிரி கட்டிகளாக்கினார்கள். அவை கப்பலில் வடக்கே போய், பிறகு ஒட்டகத்தின் முதுகில் மங்கோலியாவைக் கடந்து ரஷ்யாவுக்குப் போயின. சைபீரியாவில் குளிரில் கிடந்தவன் குடித்த டீ இந்த ஊரிலிருந்து போனது. ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை வருவதற்கு முன்பே, 1894லேயே ஹான்யாங்கில் இரும்பு உருகியது. சாங் சிதோங் என்ற ஆளுநர் அதைக் கட்டினார். 1911 அக்டோபர் 10 இரவு வூசாங்கில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். அடுத்த சில மாதங்களில் இரண்டாயிரம் ஆண்டு மன்னராட்சி சீனாவில் முடிந்துபோனது. சீனாவின் முதல் ஒளியிழையை (ஆப்டிகல் ஃபைபர்) 1976ல் இழுத்தெடுத்ததும் இந்த ஊர்தான். இன்று உலகின் மிகப் பெரிய ஒளியிழைத் தயாரிப்பாளர்களில் ஒருவர் இருப்பதும் அங்கேதான். ஒரே சரக்கு என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது அவருக்கு?

வூகானில் இருக்கும் ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தில் 65 வெண்கல மணிகள் இருக்கின்றன. 1978ல் ஒரு சிற்றரசனின் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்தவை. கி.மு. 433 வாக்கில் புதைத்தது. ஒவ்வொரு மணியிலும் நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கவாட்டில் தட்டினால் வேறொரு சுரம். இரண்டாயிரத்து நானூறு ஆண்டு மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் கிடந்த பிறகும் சுரம் நின்றது. அவற்றின் நகலை அங்கே வாசித்துக் காட்டுவார்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் காதை வைத்துக் கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். அன்றைக்கு என் கூட வந்த தோழி அழுதுவிட்டாள். நம் பிரதமரும் சீன அதிபரும் 2018 ஏப்ரலில் சந்தித்துக்கொண்டது இந்த ஊரில்தான், அந்த அருங்காட்சியகத்தையும் பார்த்தார்கள். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சிதான் 2019 அக்டோபர் மாமல்லபுரம். நாம் வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் எடுத்த படத்தைப் பகிர்ந்து பெருமைப்பட்டோமே, அது வூகானில் தொடங்கிய வரிசை. அடுத்த நான்கு மாதத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஜோக்தானே, விடுங்க மேடம்" என்று ஆறு பேராவது உள்பெட்டியில் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2020 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியபோது சென்னையிலிருந்து வந்தவர்களை நம் கிராமங்கள் எப்படிப் பார்த்தன? ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். பெற்ற பிள்ளை வந்து நிற்கிறான், மாட்டுக்கொட்டகையில் படுக்கச் சொன்னார்கள். "சென்னைக்காரங்க" என்ற சொல்லே அப்போது ஒரு வசவாக இருந்தது. அதற்கு முந்தைய மாதம் அதே சென்னையில், தொற்றில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். அதை வைத்து இன்றைக்கு யாராவது சென்னையை ஜோக்கடித்தால் சும்மா இருப்பீர்களா? 1994ல் சூரத்தில் பிளேக் வந்தது. இன்று சூரத் என்றதும் உங்களுக்குச் சேலை ஞாபகம் வருகிறதா, எலி ஞாபகம் வருகிறதா? சூரத்துக்குக் கொடுத்த அந்த மன்னிப்பு வூகானுக்கு ஏன் கிடையாது?

"சீன அரசு மறைத்தது" என்பார்கள். ஆமாம். ஊர் அதிகாரிகள் மறைத்தார்கள். எச்சரித்த கண் மருத்துவர் லி வென்லியாங்கைக் கூப்பிட்டு மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி அவர் அதே நோயில் இறந்தார். அவரும் வூகான் மருத்துவர்தான்! மறைத்தவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தைவிட அந்த ஊர்க்காரர்களுக்கு ஆயிரம் மடங்கு இருந்தது. முதலில் செத்தவர்கள் அவர்கள். அரசு சொன்ன கணக்கே 3,869 பேர். 76 நாள் ஒரு கோடி பேர் கதவுக்குள் கிடந்தார்கள். கிருமி எங்கிருந்து கிளம்பியது என்று விஞ்ஞானிகள் சண்டை போடட்டும். எங்கிருந்து வந்திருந்தாலும் மூன்றாவது மாடியில் பேரனோடு அடைந்து கிடந்த பாட்டி அதற்கு என்ன செய்வாள்?

எல்லைப் பிரச்சினையை இதில் இழுக்காதீர்கள். 2020ல் சீனப் படையோடு நடந்த மோதலில் கல்வானில் இறந்தவர்களில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரும் ஒருவர். அந்த வலி எனக்கும் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கீழே கூப்பிட்டு, "நீங்க வூகான்ல படிச்சவங்களாமே, எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார். நான் திரும்பி வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வருடத்தில் அவர் அம்மாவுக்கு எத்தனை ராத்திரி ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேலை பார்த்த இடத்தில் ஒரு நோயாளியின் மகன் என் சான்றிதழைச் சுவரில் பார்த்துவிட்டு, "சைனா டாக்டரா, வேற யாரும் இல்லையா" என்று என் முன்னாலேயே கேட்டார். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இங்கே வைக்கும் தகுதித் தேர்வில் தேறுகிறவர்களைவிடத் தோற்கிறவர்களே அதிகம். நான் இரண்டாம் முறையில் தேறினேன். என் அப்பா நிலத்தை விற்றுத்தான் என்னை அனுப்பினார். இங்கே இடம் கிடைத்திருந்தால் நான் ஏன் போகிறேன்? அந்தப் பட்டிமன்றப் பேச்சாளர் மேடையில் வூகான் பெயரைச் சொன்னதும் எனக்கு முதலில் அப்பாவின் முகம்தான் வந்தது.

இந்தியாவுக்கும் அந்த ஊருக்கும் மருத்துவத்தில் என்ன உறவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1938ல், ஜப்பான் படை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், காங்கிரஸ் அனுப்பிய ஐந்து இந்திய மருத்துவர்கள் ஹான்கோவுக்குப் போய்க் காயப்பட்டவர்களைப் பார்த்தார்கள். அதில் ஒருவரான கோட்னிஸ் திரும்பி வரவே இல்லை. 1942ல் சீனாவிலேயே இறந்தார். கோட்னிஸின் நாட்டிலிருந்து வந்தவள் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் எனக்கு வகுப்பில் முதல் வரிசையில் இடம் கொடுத்தார். அங்கே என்னை அப்படி வைத்திருந்தார்கள்.

விடுதி வாசலில் ஒரு நூடுல்ஸ் தள்ளுவண்டி இருந்தது. அம்மா வயதுப் பெண்களை அங்கே "ஆயி" என்பார்கள். தாயை "ஆயி" என்று கூப்பிடும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது, அதனால் எனக்கு அந்தச் சொல் வாயில் தானாக வந்தது. அந்த வண்டிக்கார ஆயி பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியதும் வண்டி போட்டார். வூகான்காரர்கள் காலைச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடுவது குறைவு, தெருவில்தான். அதற்கென்றே "குவோ சாவ்" என்று தனிப் பேச்சு. ரெகான்மியென் என்ற நூடுல்ஸை முன்னாடியே வேகவைத்து, எண்ணெய் தடவி ஆற வைத்திருப்பார். கேட்டதும் கொதிநீரில் இரண்டு முக்கு முக்கி எடுத்து, எள்ளை அரைத்த விழுதை ஊற்றி, மேலே ஊறவைத்த முள்ளங்கியும் வெங்காயத் தாளும். காகிதக் கிண்ணத்தில் வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுவோம். வீட்டு நினைவில் சாப்பாடு இறங்காமல் இருந்த முதல் மாதத்தில் அந்த எள் வாசனை ஒன்றுதான் தெரிந்த வாசனை. "இறைச்சி வேண்டாம்" என்று சீன மொழியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். குளிர்காலத்தில் அந்த ஊரில் வெளியைவிட அறைக்குள் குளிரும், எங்கள் விடுதியில் சூடாக்கும் வசதி கிடையாது. கையுறை இல்லாமல் நின்ற என்னைப் பார்த்து மறுநாள் ஒரு ஜோடி பின்னிக்கொண்டு வந்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

2020 ஜனவரி 23ஆம் தேதி ஊரை மூடியதும் வீசாட்டில், அதாவது வாட்ஸப் மாதிரியான சீனச் செயலியில், ஆயியைக் கூப்பிட்டேன். நான் அழுதேன், அவர் அழவில்லை. "நீ பத்திரமா இரு, முகக்கவசம் வாங்கி வை, உங்க ஊருக்கும் வரலாம்" என்றார். நான்கு நாள் கழித்து அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து மக்கள் இருட்டில் "வூகான், ஜியாயோ" என்று கத்திய காணொளியை அனுப்பினார். எண்ணெய் ஊற்று என்று அர்த்தம், தளராதே என்று சொல்வதற்கு. பின்னணியில் அவர் குரலும் இருந்தது.

ஏப்ரல் 8ஆம் தேதி ஊர் திறந்தது. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. வண்டி, ஆவி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு நூடுல்ஸ் கிண்ணத்தோடு நிற்கும் இரண்டு பேர். "உன் கிண்ணத்தை எடுத்து வச்சிருக்கேன்" என்று கீழே எழுதியிருந்தார். ஜூன் 29ஆம் தேதி இங்கே வீசாட்டைத் தடை செய்துவிட்டார்கள். அவருடைய தொலைபேசி எண்ணை நான் தனியாக எழுதி வைத்திருக்கவில்லை. வீசாட்டில்தான் இருக்கிறதே என்று நினைத்தேன்.